மலை வீட்டுக் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: காற்றை எங்கே வெளியே விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி ஃபேன் நல்லது என்றுதான். சுமாரான ஃபேன்கூட சரியான இடத்தில் காற்றைத் தள்ளினால் குளியலறை காயும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், தள்ளும் இடம் தப்பாக இருந்தால் வீட்டில் ஓதம்தான் ஏறும். அதனால் கீழே உள்ள பதில்களில் ஃபேனைப் பற்றிக் குறைவாகவும், காற்று போய்ச் சேரும் இடத்தைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

கோயம்புத்தூரில் வெண்டிலேட்டரே போதுமாக இருந்தது. இங்கே மட்டும் ஃபேன் எதற்கு?

சமவெளியில் சுவரே சூடாக இருக்கும். குளித்த ஈரம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மலையில் சுவர் குளிர்ந்து கிடக்கிறது. 30 டிகிரியில் ஆவி நிறைந்த காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீரைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். மிச்சம் 20 கிராம் கண்ணாடியிலும் டைல்ஸிலும் சீலிங்கிலும் நீராகப் படியும். டிசம்பர், ஜனவரி காலையில் வெண்டிலேட்டரைத் திறந்து வைத்துக் குளிக்க யாருக்கும் மனசு வராது. எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, கீசரை முழுச் சூட்டில் வைத்துத்தான் குளிக்கிறோம். வெளிச்சுவரும் சீலிங்கும் சேரும் மூலையைப் பாருங்கள். கடுகு தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் முதலில் அங்கேதான் வரும், ஏனென்றால் அறையிலேயே அதிகம் குளிர்ந்த இடம் அந்த மூலை.

சீலிங்குக்கு மேலே நிறைய காலி இடம் இருக்கிறது. பைப்பை அங்கே விட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தகர ஷீட்டோ மங்களூர் ஓடோ போட்ட கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங், நடுவில் ஆள் குனிந்து போகும் அளவு இடம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புது வீடுகளில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இதே மாதிரி இடைவெளி இருக்கிறது. எலெக்ட்ரிஷியனுக்கு அதற்குள் பைப்பை விடுவது சுலபம். சுவரை உடைக்க வேண்டாம், மேஸ்திரியைக் கூப்பிட வேண்டாம்.

இரவில் வானம் தெளிந்திருந்தால் தகர ஷீட் வெளிக்காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். நீங்கள் அனுப்பும் ஆவி அந்த ஷீட்டின் அடிப்பக்கத்தில் துளித் துளியாகத் தொங்கும். காலையில் வெயில் பட்டதும் சொட்டும். மழையே இல்லாத ஜனவரியில் சீலிங் ஒழுகுகிறது என்று ஷீட் மாற்ற ஆள் தேடுகிறவர்கள் உண்டு. மேலே ஏறிப் பார்த்தால் ஷீட்டில் ஓட்டையே இருக்காது, ஃபேன் பைப்பின் வாய் கூரையின் மரச்சட்டத்தைப் பார்த்தபடி கிடக்கும். அந்த இடத்துச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கும். ஆணிகள் துருப்பிடித்து, பலகை கறுத்து, பூஞ்சை வாடை படுக்கையறை வரைக்கும் இறங்கியிருக்கும்.

எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னொரு சங்கடம். பல வரிசைகளில் கூரையடி தடுப்பே இல்லாமல் கடைசி வீடு வரை ஒன்றாக ஓடும். நீங்கள் விடும் ஈரம் பக்கத்து வீட்டு சீலிங்கில் இறங்கும்.

சுவருக்கு வெளியேதான், ஆனால் இறவாரத்துக்கு அடியில். அது பரவாயில்லையா?

அதையும் தவிருங்கள். சூடான ஈரக்காற்று மேலே ஏறும். இறவாரப் பலகையில் கூரைக்குக் காற்றுப் போக இடைவெளியோ துளையோ இருந்தால் அதன் வழியே திரும்பவும் சீலிங்குக்கு மேலேயே போய்விடும். இடைவெளி இல்லாவிட்டால் பலகை கறுக்கும். கான்கிரீட் சன்ஷேடுக்கு நேர் கீழேயும் இதே கதைதான், பெயின்ட் உரிந்து கறை படியும். இறவாரத்திலிருந்து ஓர் அடியாவது கீழே இறக்கி, காற்று சுவரை விட்டு விலகிப் போகிற மாதிரி வாயை வைக்க வேண்டும்.

எந்தப் பக்கச் சுவர்?

மழை அறையும் பக்கத்தை விட்டுவிடுங்கள். எது அந்தப் பக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், மேல் குந்தா பக்கமெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது அந்தப் பருவத்தில்தான். அங்கே மேற்கு, தென்மேற்குச் சுவரில் வாய் வைத்தால் ஃபேன் ஓடாத நேரத்தில் மழைநீர் பைப் வழியாக உள்ளே வரும். ஃபேன் ஓடும்போது அது தள்ளும் காற்றை எதிர்க்காற்று அமுக்கிவிடும். சுவரில் பொருத்தும் சாதாரண ஃபேன்களுக்குத் தள்ளும் அழுத்தம் மிகவும் குறைவு. ஜூலை மாதக் காற்றோடு அவற்றால் மல்லுக்கு நிற்க முடியாது.

குன்னூர், கோத்தகிரி தலைகீழ். அங்கே அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் கனமாக இருக்கும், கிழக்கும் வடகிழக்கும் நனையும். ஊட்டி நகரம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மழை இரண்டு பக்கமும் உண்டு என்றாலும் ஜூன், ஜூலையில் வீசும் மேற்குக் காற்றைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். கொடைக்கானலிலும் இரண்டு பருவமும் உண்டு, அக்டோபர், நவம்பரில் கூடுதல்.

இதெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு மேடு இருந்தால், பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு திறந்தால், காற்று திரும்பித்தான் வரும். அதனால் திசைகாட்டியை நம்புவதைவிட வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்து சுவரைப் பாருங்கள். எந்தச் சுவரில் பாசி பச்சையாக ஏறியிருக்கிறதோ, எந்த ஜன்னலின் அடிச்சட்டம் உப்பிப் பெயின்ட் உரிந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் வேண்டாம். பாசி ஏறாத, கொஞ்சமாவது வெயில் படுகிற, முன்னால் திறந்த வெளி உள்ள சுவர்தான் நல்ல இடம். புதிதாகக் கட்டுகிறவர்கள் பிளான் போடும்போதே குளியலறைக்கு அப்படி ஒரு சுவர் கிடைக்குமா என்று பாருங்கள். கட்டி முடித்த பிறகு அது கிடைக்காது.

எங்கள் குளியலறை வீட்டின் பின்பக்கம், தடுப்புச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தச் சந்தில் விடலாமா?

மலையில் இது ரொம்பப் பேருக்கு வருகிற கேள்வி. சரிவை வெட்டித்தான் வீடு கட்டுகிறோம். வெட்டிய மண்ணுக்கு ஒரு தடுப்புச் சுவர், அதற்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று அடிச் சந்து, அதில் தண்ணீர் போக ஓர் ஓடை. சாக்கடை வசதிக்காகக் குளியலறையையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள்.

அந்தச் சந்தில் வெயில் விழாது, காற்றும் ஓடாது. தடுப்புச் சுவரின் துளைகளில் மழைக்குப் பிறகு வாரக்கணக்கில் நீர் கசியும். ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய இடத்தில் தினமும் வெந்நீர் ஆவியையும் விட்டால் அது அங்கேயே தங்கி, சமையலறை ஜன்னல் வழியாகவோ பின்கதவு வழியாகவோ வீட்டுக்குள் திரும்பும். பின்சுவர் முழுக்க ஓதம் ஏறும்.

நான் சொல்வது, பைப்பை சீலிங்கை ஒட்டிக் கொண்டுபோய்ப் பக்கச் சுவரில் வெளியே எடுங்கள். நீளம் கூடினாலும் பரவாயில்லை, அதற்கேற்ற இன்லைன் ஃபேன் (பைப்புக்கு நடுவில் பொருத்துவது) போட்டுக்கொள்ளலாம். பக்கச் சுவருக்கு வழியே இல்லையென்றால், சந்துக்குள் வெளியே எடுத்த பைப்பை வீட்டுச் சுவரோடு மேலே ஏற்றி, தடுப்புச் சுவரின் உச்சியைத் தாண்டிய உயரத்தில், இறவாரத்தைத் தொடாமல், வாயை வையுங்கள். நிமிர்ந்து ஏறும் பைப்பில் ஆவி நீராகிக் கீழே வழியும். அது ஃபேனுக்குள் போகாமல் இருக்க, பைப் திரும்பும் இடத்தில் T வடிவ இணைப்பு போட்டு, அதன் கீழ்முனையை மூடியால் அடைத்து, மூடியில் சொட்டு வடிய ஒரு சிறு துளை போடச் சொல்லுங்கள். பிளம்பருக்கு இது ஐந்து நிமிட வேலை.

ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும்?

அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகளில் ஓர் அளவு உண்டு: வீட்டின் ஜன்னல், கதவுகளிலிருந்து 3 அடி, மனை எல்லையிலிருந்து 3 அடி, இயந்திரம் மூலம் காற்றை உள்ளிழுக்கும் வாய் இருந்தால் அதிலிருந்து 10 அடி. நம் ஊருக்கும் இதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். படுக்கையறை ஜன்னலும் குளியலறையும் ஒட்டியிருந்தால் நான் 3 அடியில் நிற்க மாட்டேன், இடமிருக்கும் வரை தள்ளுவேன். ஜன்னலுக்கு நேர் கீழே வைக்கவே வேண்டாம், ஆவி மேலே ஏறி நேராக உள்ளே வரும். பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடும் கொடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே துணி காய்வதே பெரும்பாடு.

காட்டேஜில் நான்கு குளியலறைகள், நடுவில் கூரை வரை போகும் ஒரு ஷாஃப்ட் (காற்றுக்குழி). எல்லாவற்றையும் அதில் விடலாமா?

ஷாஃப்டின் மேல்பக்கம் வானம் பார்த்துத் திறந்திருந்தால் விடலாம். மழைக்குப் பயந்து மேலே ஷீட் போட்டு மூடியிருந்தால் ஓர் அறையின் ஆவியும் வாடையும் அடுத்த அறைக்குள் போகும். சுற்றிலும் ஓரடி இடைவெளி விட்டு ஷீட்டை உயர்த்திப் போடுங்கள். ஒவ்வொரு ஃபேனுக்கும் காற்று திரும்பாத ஷட்டர் இருக்க வேண்டும்.

கழிவறை வென்ட் பைப் கூரைக்கு மேலே போகிறது. அதிலேயே இணைத்துவிட்டால்?

வேண்டாம். ஃபேன் நின்ற பிறகு செப்டிக் டேங்க் வாயு அதே வழியில் குளியலறைக்குள் இறங்கும். இரண்டும் தனித்தனியாகத்தான் போக வேண்டும்.

பைப் எப்படி இருக்க வேண்டும்?

ஆறுக்கு எட்டு அடி, ஒன்பது அடி உயரக் குளியலறை என்றால் 432 கன அடி. மணிக்கு எட்டு முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 58 கன அடி, அதாவது மணிக்கு 98 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் எண் பைப்பே இல்லாதபோது கிடைப்பது, அதனால் மணிக்கு 120, 130 கன மீட்டர் என்று போட்டதாக வாங்குங்கள். இதற்கு 4 இன்ச் பைப் போதும், நீளம் அதிகமென்றால் 5 அல்லது 6 இன்ச்.

உள்பக்கம் வழுவழுப்பான பிவிசி பைப் நல்லது. சுருள் சுருளாக இழுக்கும் அலுமினியப் பைப்பில் காற்று தடைபடும், மடிப்புகளில் தண்ணீர் தேங்கும். அதைத்தான் போட வேண்டியிருந்தால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், நடுவில் தொங்கினால் அந்த வயிற்றில் நீர் நின்று வழி அடைபடும். அதே அமெரிக்க விதிகளின் கணக்குப்படி ஓர் எல்போ 15 அடி நேர் பைப்புக்குச் சமமான தடை. அதனால் வளைவைக் குறைப்பதுதான் பெரிய லாபம்.

படுக்கையாகப் போகும் பைப்புக்கு வெளிப்பக்கம் பார்த்து அடிக்குக் கால் இன்ச் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி சிமென்ட் பூசும் முன்பே ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். சீலிங்குக்கு மேலே குளிரில் ஓடும் பைப்பாக இருந்தால், ஏசி பைப்புக்குச் சுற்றும் நுரை உறை மாதிரி ஏதாவது சுற்ற வேண்டும். இல்லையென்றால் ஆவி பாதி வழியிலேயே நீராகிவிடும்.

வெளிவாயில் என்ன மூடி போடுவது? குரங்குத் தொல்லை வேறு.

மழை அடிக்காமல் வாய் கீழ்ப்பார்த்த தொப்பி மூடி, அதற்குள், காற்று தள்ளும்போது திறந்து, ஃபேன் நின்றதும் தானே மூடும் ஷட்டர். இரண்டும் வேண்டும். ஷட்டர் இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் குளிர்காற்று உள்ளே இறங்கும்.

கொசுவலை போடாதீர்கள். துணித் தூசும் ஈரமும் சேர்ந்து கொஞ்ச மாதத்தில் அடைத்துவிடும், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும், காற்று போகாது. கால் இன்ச்சுக்குக் குறையாமல், அரை இன்ச்சுக்கு மிகாமல் கண் உள்ள கம்பி வலை போதும். பெரிய எலியும் குருவியும் நுழையாது. குரங்குகள் பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கிப் போட்டுவிடும், அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடி வாங்கி, நான்கு மூலையும் ஸ்க்ரூ போட்டு, சுவரோடு சேரும் இடத்தில் மேலேயும் பக்கங்களிலும் சிலிக்கான் பூசுங்கள். அடிப்பக்கம் பூச வேண்டாம், உள்ளே போன நீர் வடிய வழி வேண்டும். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா மாதிரி உறைபனி விழும் பள்ளங்களில் ஷட்டரில் நின்ற நீர் உறைந்து ஒட்டிக்கொள்ளலாம். வாட்டம் சரியாக இருந்தால் அங்கே நீரே நிற்காது.

வெளியே மூடுபனி. ஃபேன் போட்டால் ஈரக்காற்றுதானே உள்ளே வரும்?

நியாயமான சந்தேகம். 12 டிகிரி மூடுபனிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 11 கிராம் ஆவிதான் இருக்கும். அது வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குளித்து முடித்த அறையில் இருப்பதோ 30 கிராம். ஆகவே மூடுபனியிலும் குளித்தவுடன் ஃபேன் போடுவது லாபம்தான். குளித்து இருபது நிமிடம் ஓடட்டும், கண்ணாடி தெளிந்ததும் நிறுத்துங்கள். நாள் முழுக்க ஓடவிட்டால் அறை வெளிக்குளிருக்கு இறங்கிவிடும், அப்புறம் எதுவும் காயாது.

கூரை வழியாக மேலே எடுக்கலாமா?

சுவரில் இடமே இல்லாவிட்டால் மட்டும். தகர ஷீட்டில் போடும் ஒவ்வோர் ஓட்டையும் நாளைக்கு ஒழுகும் இடம். இரு பக்கம் சரியும் கூரை என்றால் முக்கோணச் சுவர் வழியாக எடுப்பது எவ்வளவோ மேல். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்கவே வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து.

சுவர் ஒன்றரை அடிக் கல் சுவர். எப்படி ஓட்டை போடுவது?

கோர் கட்டிங் மெஷின் (வட்டமாக அறுத்துத் துளை போடுவது) உள்ளவரைக் கூப்பிடுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்லை பிரேக்கரால் அடித்தால் சுற்றியுள்ள கல்லும் ஆடிவிடும். துளைக்கும்போதே வெளிப்பக்கம் அரை இன்ச் தாழ்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேஸ் கீசரும் விறகு பாய்லரும் இருக்கிற வீட்டில் என்ன கவனம்?

இங்கே தவறினால் உயிர் போகும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. சிறிய அறையில் கதவை அடைத்துக்கொண்டு ஃபேன் காற்றை இழுக்கும்போது, எரிந்த வாயு வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கீசரை வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் பைப்பில் கொண்டுவாருங்கள். விறகு பாய்லர் குளியலறையை ஒட்டிய அறையில் இருந்தால், ஃபேன் ஓடும்போது பாய்லர் புகை வீட்டுப் பக்கம் இழுபடுகிறதா என்று ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். இழுபட்டால் அந்த அறைக்கு வெளியிலிருந்து தனியாகக் காற்று வர வழி செய்த பிறகுதான் ஃபேன் போட வேண்டும். புகைபோக்கியில் ஃபேன் பைப்பை இணைக்கக் கூடாது. குளிருக்குக் குமுட்டி அடுப்பில் கரி போட்டு அறைக்குள் வைக்கிற பழக்கம் இருந்தால், ஃபேன் இருக்கிறதே என்ற தைரியத்தில் அதைத் தொடராதீர்கள்.

மின்சாரத்துக்கு இரண்டே விஷயம்: சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி).

வாயும் பைப்பும் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஆவி போகவில்லை.

வெண்டிலேட்டரில் ஃபேனை மாட்டி, மீதிக் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்தே விட்டிருப்பீர்கள். ஃபேன் பக்கத்துப் பட்டை வழியாக வரும் வெளிக்காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அறையில் உள்ள ஆவி அசையாது. பட்டைகளை மூடிவிட்டு, காற்று கதவடியில் வரும்படி அரை முதல் முக்கால் இன்ச் இடைவெளி விடுங்கள். கதவை அடைத்து, ஃபேன் வாயில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி.

பழைய மேஸ்திரி சீலிங்குக்குள்ளேயே விட்டுப் போய்விட்டார். இப்போது?

முதலில் அந்த ஃபேனை நிறுத்திவிட்டு, வேலை முடியும் வரை வெண்டிலேட்டரைத் திறந்துவைத்து ஒப்பேற்றுங்கள். டார்ச்சோடு மேலே ஏறி, பைப் வாயைச் சுற்றி ஆறடிக்குச் சட்டத்தையும் ஷீட்டின் அடியையும் பாருங்கள். மரம் கறுத்திருந்தாலும் கெட்டியாக இருந்தால் பிரச்சினையில்லை. துடைத்துக் காயவிட்டுப் பூஞ்சை மருந்து அடித்தால் போதும். குத்தினால் இறங்குகிற சட்டத்தை மாற்றத்தான் வேண்டும். பிறகு அதே பைப்பை முக்கோணச் சுவருக்கோ பாசி ஏறாத பக்கச் சுவருக்கோ நீட்டி, வாட்டம் பார்த்து வெளியே எடுங்கள். இந்த வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொண்டால் மரம் நன்றாகக் காய நேரம் கிடைக்கும், சிமென்டும் மழைக்கு முன் இறுகிவிடும்.